அச்சத்திற்கு முன் வியப்பு

மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "பழைய மாணவர் என்ற முறையில் விஞ்ஞானம் பற்றிக் கட்டுரையொன்று தரல் வேண்டும்" எனக் கேட்டபொழுது, அணுவைப் பற்றியும் விண்வெளியைப் பற்றியும் எழுதுதற்கு என்னினும் தக்கார் நம் கல்லூரிப் பழைய மாணவருட் பலர் உளரே என்றுதான் முதலில் எண்ணினேன். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் கிராமப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்து இளைப்பாறியவன். எனக்குத் தெரிந்தவை பிள்ளைகளும், அவர்கள் விளையாடும் முற்றமும், அம்முற்றத்திற் காணப்படும் சில உயிர்களுமே. ஆதலின் அவற்றைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அண்மையில் நிகழ்ந்த இரு சிறு நிகழ்ச்சிகள் என்னை இதற்குத் தூண்டின.

ஆண்டுதோறும் யூன் மாதம் 5 ஆந் திகதி உலகச் சுற்றாடல் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. 1973 முதல் நடைபெற்று வரும் வழக்கம் இது. அத்தினத்தையொட்டிப் பாடசாலையொன்றில் நடந்த சித்திரப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தனர். சுவர் நிறையச் சித்திரங்கள். ஒன்றிலே பூமியுருண்டை கண்ணீர் வடித்தது. இன்னொன்றிலே வாயில் வெப்பமானியோடு படுத்திருந்தது. மற்றொன்றிலே வெட்டுண்ட மரம் குருதி சொரிந்தது. வண்ணமும் கோடும் நன்றாகவே அமைந்திருந்தன. முதற்பரிசு பெற்ற பத்து வயதுச் சிறுவனைப் பாராட்டிவிட்டு, யன்னலூடாகத் தெரிந்த மரமொன்றைக் காட்டி, "தம்பி, அது என்ன மரம்?" என்று கேட்டேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அது சும்மா மரம், ஐயா" என்றான்.

அது பூவரசு. காலையில் மஞ்சளாய் விரியும் அதன் பூ மாலையாவதற்குள் செம்மை படர்ந்து, மறுநாள் ஊதா நிறமாய்ச் சுருங்கி விழும். அவ்விலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து ஊதாதவர் எம் தலைமுறையில் எவரும் இலர். நாள்தோறும் அதன் நிழலில் நின்று மணியோசைக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது சும்மா மரம். அவன் ஒருநாளும் கண்டிராத அமேசன் காட்டு மரமோ குருதி சொரியும் மரம். அவனைக் குறை கூற எனக்கு வாயில்லை. நானும் பல்லாண்டு இப்படியே கற்பித்தவன். காடழிப்புப் பற்றிய விளக்கப்படத்தை வகுப்பறைச் சுவரிலே தொங்கவிட்டு, பரீட்சைக்கு முன் பாடவிதானத்தை முடித்தல் வேண்டும் என்ற அவசரத்திலே, பிள்ளைகளை வெளியே நிற்கும் மரத்தடிக்கு அழைத்துச் செல்லாது விட்ட தவணைகள் எத்தனையோ.

இரண்டாவது நிகழ்ச்சி என் வீட்டிலே நடந்தது. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஏழு வயதுப் பேரன் ஓரிரவு உறங்காது புரண்டு கொண்டிருந்தான். "என்னடா ராசா?" என்றேன். "அப்பப்பா, கடல் வந்து எங்கடை வீட்டையும் மூடுமோ?" என்றான். பனிக்கட்டி உருகுவதையும் தீவுகள் மூழ்குவதையும் காட்டும் படமொன்றைப் பாடசாலையிற் பார்த்தானாம். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது. நானும் விஞ்ஞான ஆசிரியர் அல்லனோ? கடல்மட்டம் உலகளாவிய சராசரியில் ஆண்டுக்கு மூன்று நான்கு மில்லிமீற்றர் அளவே உயர்கின்றது என்று விரலிடுக்கிற் காட்டி விளக்கினேன். எண்கள் அச்சத்தை ஆற்றுவதில்லை. மறுநாட் காலை கரைக்குப் போவோம் என்று அழைத்தபோது அவன் வர மறுத்துவிட்டான். கடலைக் காக்க வேண்டும் என்பதற்காகக் கற்பிக்கப்பட்ட பாடம் ஒரு பிள்ளையைக் கடலிலிருந்தே துரத்திவிட்டது.

இப்பொருள் பற்றிச் சிந்தித்தோர் மேலைநாட்டிற் பலர். டேவிட் சோபெல் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1996 இல் வெளியிட்ட சிறு நூலொன்றில், அழிவுச் செய்திகளை உரிய வயதிற்கு முன் பிள்ளைகளுக்கு ஊட்டுவதால் இயற்கையின்பால் ஒருவகை வெருட்சியே உண்டாகின்றது என்று எடுத்துக்காட்டினார். ஏறக்குறைய நான்கு முதல் ஏழு வயது வரை பிற உயிர்களோடு ஒன்றி உணரும் பருவம். எட்டு முதல் பதினொன்று வரை வேலி தாண்டித் தேடித் திரியும் பருவம். பன்னிரண்டுக்குப் பின்னரே சமுதாயத்திற்காகச் செயலில் இறங்கும் பருவம் என்பது அவர் வகுத்த முறை. எல்லாப் பிள்ளைகளும் இவ்வாண்டுக் கணக்குக்கு இசைந்து வளர்வார்கள் என்று நான் நம்பவில்லை. ஆயினும், தேடித் திரியும் பருவத்தை முற்றாக விழுங்கிவிட்டு, ஒன்றியுணரும் பருவத்திலேயே உலகப் பாரத்தைத் தோளில் ஏற்றுகின்றோம் என்ற அவரது குறைபாடு நமக்கும் பொருந்துவதே.

அவருக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இதைச் சொன்னவர் றேச்சல் காசன் அம்மையார். இவர் பெயரைக் கேட்டவுடன் 1962 இல் வெளிவந்த 'மௌன வசந்தம்' என்ற நூலே நினைவுக்கு வரும். டீ.டீ.ற்றி. முதலிய பூச்சிநாசினிகள் பறவையினத்துக்கும் மனிதருக்கும் விளைக்கும் தீங்கை உலகறியச் செய்த நூல் அது. சுற்றாடல் பற்றிய கவலையை மக்கள் உள்ளத்தில் விதைத்தோருள் இவரை முதல்வர் எனலாம். ஆனால் இவ்வம்மையார் எழுதிய வரிசையை நோக்குக. கடலையும் கடல்வாழ் உயிர்களையும் வியந்து வியந்து எழுதிய மூன்று நூல்கள் 1941, 1951, 1955 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. 1956 இல், பிள்ளையின் வியப்புணர்ச்சியைப் பேணுதல் எவ்வாறு என்று பெண்களுக்கான சஞ்சிகையொன்றிலே கட்டுரை வரைந்தார். கண்டிக்கும் நூல் அதன் பின்னரே வந்தது. இருபது ஆண்டு வியந்தவரே அவ்வாறு கண்டிக்க முடிந்தது என்று நான் கொள்கின்றேன்.

அக்கட்டுரையில் அவர் கூறுவது பெரிய தத்துவம் ஒன்றன்று. தம் மருகியின் ஆண் குழந்தையைப் போர்வையிற் சுற்றி, மழை பெய்யும் இலையுதிர்கால இரவொன்றிலே மேயின் மாநிலக் கடற்கரைக்குத் தூக்கிச் சென்றதையும், அலையின் முழக்கத்தைக் கேட்டு இருவரும் சேர்ந்து மகிழ்ந்ததையும், பின்னொருநாள் மின்சூளை ஏந்திக் கரை நண்டுகளைத் தேடியதையும் சொல்கின்றார். தாம் பாடமாக எதையும் கற்பிக்கவில்லை, உடனிருந்து மகிழ்ந்ததன்றி வேறொன்றும் செய்யவில்லை என்பது அவர் கூற்றின் சாரம். அறிவிக்கப்படும் செய்திகள் விதைகள் என்றால், உணர்ச்சியே அவை ஊன்றுதற்கேற்ற மண் என்பது அவர் கருத்து. அவர் 1964 இற் காலமானார்; கட்டுரை மறு ஆண்டு நூல் வடிவம் பெற்றது.

வியப்பு என்பதை அறியாமையின் வேறு பெயராகக் கருதுவோர் உளர். நம் முன்னோர் அவ்வாறு கருதினாரல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே எண்வகை மெய்ப்பாடுகளை வகுக்கும்போது மருட்கை என்பதை நான்காவதாக வைத்தார். அதனை அடுத்து நிற்பது அச்சம். இவ்வரிசையில் உட்பொருள் உண்டென்று புலவர் எவரும் உரை கூறியதாக நான் சொல்ல வரவில்லை; ஆயினும் ஆசிரியத் தொழிலுக்கு இவ்வரிசை மிகப் பொருந்துகின்றது. அதனினும் சிறந்தது, மருட்கை பிறக்கும் நிலைக்களன்கள் எவை என்று அவர் காட்டும் பகுப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அந்நான்கு. முன் கண்டிராததைக் காண்டல் புதுமை. அளவிற் பெரியதைக் காண்டல் பெருமை. நுண்ணியதைக் காண்டல் சிறுமை. ஒன்று மற்றொன்றாய்த் திரிதலைக் காண்டல் ஆக்கம்.

இக்காலத்துப் பிள்ளைக்குப் புதுமையும் பெருமையும் குறைவின்றிக் கிடைக்கின்றன. திமிங்கிலம் பாய்வதையும் சிங்கம் மானை வீழ்த்துவதையும் கையடக்கத் தொலைபேசியிலே உணவருந்திக்கொண்டே அது பார்க்கின்றது. இவ்விரண்டுக்கும் ஒரு குறையுண்டு. மேன்மேலும் புதியதும் மேன்மேலும் பெரியதும் வந்துகொண்டிராவிட்டால் அவை சலித்துப் போகும். சிறுமையும் ஆக்கமும் அத்தகையனவல்ல. அவற்றுக்குப் பணச் செலவில்லை. பொறுமையாய் ஓரிடத்திலே குந்தியிருத்தல் ஒன்றே வேண்டும். அதுவே இக்காலத்தில் அரிதாகிவிட்டது.

சிறுமைக்குக் குழியானை ஒன்றே சாலும். தாழ்வாரத்தின் கீழ் மழை படாத பொடிமணலிலே கூம்புபோற் குழி செய்து அதன் அடியில் ஒளிந்திருக்கும் இப்புழுவை அறியாதார் யார்? எறும்பு ஒன்று விளிம்பிற் கால் வைத்ததும் மணல் சரியும். ஏறித் தப்ப முயன்றால் குழியானை தலையால் மணலை வீசியெறிந்து அதனை மீண்டும் கீழே விழச்செய்யும். கையில் எடுத்தாற் பின்னோக்கியே நகரும். இதனை எடுத்து விளையாடிய நம்முள் எத்தனை பேர், இப்புழு பின்னர் மணலாற் கூடு கட்டி உறங்கி, தும்பியையொத்த மெல்லிய சிறகோடு இரவிற் பறக்கும் பூச்சியாய் வெளிப்படுவதை அறிவோம்? அங்கே சிறுமை ஆக்கமாய் மாறிவிடுகின்றது.

ஆக்கத்திற்கு நம் நாட்டிலே பனங்கொட்டைக்கு நிகரானது வேறொன்றும் இல்லை என்பேன். இதனைச் சற்று விரித்துச் சொல்ல இடந் தருக. என் ஆசிரிய வாழ்விலே மிகுந்த பயன் தந்த பாடம் இது.

ஆவணியில் விழும் பனம்பழத்தின் களியைப் பனாட்டுக்குப் பிசைந்தெடுத்தபின் எஞ்சும் கொட்டைகளை மண்ணைக் குவித்து அமைத்த பாத்தியிலே பரப்பி மூடுகின்றோம். மாரி கழிந்தபின் கிழங்கு கிண்டுகின்றோம். பனங்கிழங்கைத் தின்றவர் எல்லாரும் இதனை அறிவர். ஆனால் கொட்டை இருந்த இடம் மேலே, கிழங்கு கிடைக்கும் இடம் கீழே என்பதைக் கூர்ந்து நோக்கியவர் சிலரே. மற்றைய விதைகளிலே வேர் கீழ்நோக்கியும் குருத்து மேல்நோக்கியும் போகும். பனையிலோ, முளை முழுவதும், வருங்காலக் குருத்தும் வேரும் தன் நுனியில் அடங்க, குழல்போன்ற ஒரு தண்டாய்க் கொட்டையை விட்டு வெளிவந்து நேரே மண்ணுக்குள் இறங்கும். அவ்வாறு ஆழம் போய்ச் சேர்ந்த பின்னரே அங்கிருந்து வேர் கீழேயும், முதற் குருத்து மேலேயும் புறப்படும். நாம் தின்னும் கிழங்கு, அக்குருத்தைச் சூழ்ந்து மாப்பொருள் சேர்ந்து தடித்த பகுதியே. மேலே கிடக்கும் கொட்டைக்குள் என்ன நடக்கின்றது? அங்கே பஞ்சு போன்ற பூரான் வளர்ந்து, கொட்டையின் கடினமான பருப்பைக் கரைத்து உறிஞ்சி, அக்குழல் வழியே கீழுள்ள கன்றுக்கு அனுப்பிக் கொண்டிருக்கின்றது. நாம் வெட்டித் தின்னும் இனிய பூரான் ஒரு கன்றின் பால்வாய் என்க. உணவெல்லாம் இறங்கி முடிந்தபின் எஞ்சுவது வெறும் ஊமல்.

விதையே தன் குழந்தையை இவ்வாறு மண்ணுக்குள் ஒளித்து வைப்பது எதற்காக? எட்டாம் வகுப்பிலே ஒரு தவணை முழுதும் இவ்வினாவை விடை சொல்லாமலே விட்டு வைத்தேன். இரண்டு கிழமைக்கொருமுறை ஒரு கொட்டையைக் கிண்டிப் பார்ப்போம், படம் வரைவோம், மீண்டும் மூடுவோம். ஒருவன் "ஆடு தின்னாமல் இருக்க" என்றான். ஒருத்தி "வெயிலுக்குப் பயந்து" என்றாள். பனங்காட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன், சருகுக்கு நெருப்பு வைத்தாலும் வடலி மறுபடி முளைப்பதைக் கண்டிருந்தான். அவன் "நெருப்புக்கும்தான்" என்றான். மூவர் கூற்றும் தாவரவியலார் கூறும் விளக்கங்களுக்கு மிக அண்மையானவையே. நீண்ட கோடையும் தீயும் கால்நடையும் உள்ள வறண்ட நிலத்திலே உயிர்முளை ஆழத்திற் கிடப்பது பெரும் பாதுகாப்பு. அவ்விடையை முதல் நாளே கரும்பலகையில் எழுதியிருந்தால் அவர்கள் குறிப்புப் புத்தகத்திலே பெயர்த்து எழுதியிருப்பார்கள், அவ்வளவே. அன்று கிண்டியவர்களுள் ஒருவர் இன்று பிறநாட்டிலே வாழ்கின்றார். ஊருக்கு வந்தபோதெல்லாம் என்னைக் கண்டு பேசுவது அந்தப் பாத்தியைப் பற்றியே.

பெயர் அறிதல் பற்றியும் ஒருவார்த்தை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்குப் பாடியது அது என்பது வழிவழி வந்த செய்தி. பிறமொழியாளன் ஒருவனுக்குத் தமிழைக் காட்டப் புகுந்த புலவர், இலக்கண விதியோடு தொடங்காது, மலைச்சாரலிற் பூக்கொய்யும் மகளிரோடு அவனைக் கூட்டிச் சென்றார் என்பது எண்ணுந்தோறும் இன்பந் தருவது. இப்பூக்களின் பெயர்களை நாங்கள் இக்கல்லூரியிலே மனனஞ் செய்தோம். மூச்சு விடாது ஒப்புவித்தவனுக்குக் கைதட்டலும் கிடைத்தது. அவற்றுட் பத்துப் பூக்களையேனும் நேரிற் கண்டு காட்டக்கூடியவர் எங்கள் வகுப்பில் எவரும் இருந்ததாக நினைவில்லை. பட்டியலின் முதலில் நிற்கும் காந்தள், மாரி தொடங்கியதும் எங்கள் வேலிகளிலே படர்ந்து, இலைநுனியையே பற்றுக்கம்பியாய்ச் சுருட்டி ஏறி, பசுமையும் மஞ்சளும் செம்மையுமாய் நிறம் மாறும் கார்த்திகைப்பூவே என்பதைக் கூட நான் அறிந்தது ஆசிரியனான பின்னர்தான்.

காசன் அம்மையார் பெயரறிதலுக்கு அத்துணை முதன்மை கொடுத்தாரல்லர். இவ்விடத்தில் மட்டும் நான் அவரோடு சிறிது மாறுபடுகின்றேன். கண்டு களித்தபின் கிடைக்கும் பெயர் ஒரு கைப்பிடி போன்றது. அதைப் பற்றிக் கொண்டே மறுமுறை அப்பொருளைத் தேடிப் போகலாம். பிள்ளைகளுக்குப் பெயர்களைக் கற்கும் ஆற்றல் இல்லை என்று சொல்ல வேண்டா. இங்கிலாந்திலே நான்கு முதல் பதினொரு வயதுவரையான நூற்றொன்பது மாணவரை வைத்து நடத்தப்பட்ட ஆய்வொன்று 2002 இல் வெளியாயிற்று. எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமன் என்னும் யப்பானிய விளையாட்டின் கற்பனைப் பிராணிகளுள் நூற்றுக்கு எண்பது வீதத்தைப் பார்த்தவுடன் பெயர் சொன்னார்கள். தம் நாட்டுச் சாதாரண உயிரினங்களுள் ஏறக்குறையப் பாதியை மட்டுமே இனங்கண்டார்கள். நினைவாற்றலிற் குறையில்லை. எதனோடு கூடி மகிழ்கின்றார்களோ அதன் பெயர் அவர்களுக்கு ஒட்டிக் கொள்கின்றது.

நம் மண்ணுக்கே உரிய துன்பமொன்றையும் இங்கே சொல்லாது விடுதல் நேர்மையன்று. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு நாம் கற்பித்த முதற் சுற்றாடற் பாடம், "பற்றைக்குள் போகாதே, கிடப்பதைத் தொடாதே, மண்டையோட்டுப் பலகை கண்டால் திரும்பி வா" என்பதே. அப்பாடத்தை நானும் கற்பித்தேன். அது எத்தனையோ கால்களையும் உயிர்களையும் காத்தது. 2009 இல் போர் முடிந்த பின்னரும் முகமாலை முதலிய இடங்களிற் பல்லாண்டு கண்ணிவெடி அகற்றும் பணி நிகழ்ந்தது. அப்பிள்ளைகள் இன்று தாய் தந்தையர். தாம் நுழையாத பற்றைக்குள் தம் மக்களை விட அவர்கள் மனம் ஒப்புவதில்லை. நிலம் துப்புரவாக்கப்பட்ட இடங்களிலும் உள்ளத்திலுள்ள பலகை இன்னும் அகற்றப்படவில்லை. இதற்கு மேலாய்த் தனியார் வகுப்பும், ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசிற் பரீட்சையும். 'சுற்றாடல்சார் செயற்பாடுகள்' என்று ஒரு பாடமே கீழ்வகுப்புகளில் உண்டு. பெயர் செயற்பாடு, பெரும்பாலும் நடைபெறுவது வினாத்தாள் பயிற்சி. ஆசிரியரை மட்டும் நோவதிற் பயனில்லை. பெற்றோர் கேட்பது புள்ளியையே.

அவ்வாறாயின் கவலைப்படுதலைக் கற்பிக்கவே கூடாதோ? நான் அவ்வாறு சொல்லவில்லை. பிள்ளை கேட்டால் மெய்யே சொல்லல் வேண்டும். கேளாததற்கு முன் கொட்டுதலே வேண்டாதது. மேலும், வியப்புற்றுப் பழகிய பிள்ளைக்குக் கவலை தானே வந்துசேர்கின்றது என்பதைக் கண்ணாரக் கண்டவன் நான்.

ஒரு வயலோரப் பனையிலே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கியதைப் பதினொரு வயது மாணவன் ஒருவன் எனக்குக் காட்டினான். நாள்தோறும் பாடசாலை விட்டதும் அங்கே போய் நிற்பான். கட்டுவது ஆண்பறவை என்பதையும், தலைக்கவசம் போன்ற பாதிக்கூடு ஆனதும் பெட்டைகள் வந்து பார்வையிடுவதையும், அவை ஏற்றுக்கொண்ட கூட்டையே ஆண் நீண்ட வாயில் வைத்து முடிப்பதையும், ஏற்காதவை பாதியிலே தொங்குவதையும் நூலைப் பார்க்காது அவனே கண்டறிந்தான். ஈரமண்ணை உள்ளே அப்புவதையும் கண்டான். அதிலே மின்மினி ஒட்டி விளக்கேற்றுமாம் என்று பாட்டி சொன்னதை மட்டும் எவ்வளவு காத்திருந்தும் காணவில்லை என்று குறைப்பட்டான். ஒருநாள் ஓடிவந்து, "ஐயா, அந்தப் பனையைத் தறிக்கப் போகினமாம். குஞ்சு பறக்குமட்டும் பொறுக்கச் சொல்லுவமோ?" என்றான். இருவருமாய்ப் போய் உடையவரைக் கண்டோம். அவர் வீட்டுக் கூரைக்கு மரம் தேடியவர். கடுமையானவர் என்று பெயரெடுத்தவர். பையன் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு மாதம் பொறுக்க இசைந்தார். பின்னர் அப்பனை தறிக்கப்பட்டது உண்மை. குஞ்சுகள் பறந்த பின்னரே தறிக்கப்பட்டது. அப்பையனுக்கு எவரும் அழுகின்ற பூமியைக் காட்டியதில்லை.

லூயிஸ் சௌலா என்னும் அறிஞர், கென்ரக்கியிலும் நோர்வேயிலும் சுற்றாடல் காக்கப் பாடுபட்டோர் பலரைக் கண்டு, அவர்களை இவ்வழியிற் செலுத்தியது யாது எனக் கேட்டு 1999 இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே சுட்டுகின்றது. சிறுபருவத்திலே பழகித் திரிந்த இயற்கையிடம், உடன் கூட்டிச் சென்ற குடும்பத்துப் பெரியவர் என்பனவே மிகுதியாகச் சொல்லப்பட்டவை. இவ்வகை ஆய்விலே ஒரு குறையுண்டு. திரிந்தும் காவலராகாதோர் எத்தனை பேர் என்பதை அது அளப்பதில்லை. எனினும் என் அனுபவத்தோடு இது ஒத்துச் செல்கின்றது.

கவலையையும் வியப்பின் வழியாகவே கற்பிக்கலாம் என்பதற்கு நம் கிணறு சான்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. நாற்புறமும் உப்புக்கடல், உள்ளேயும் உவர்நீரேரி. பின்னர் கிணற்றில் நன்னீர் எங்கிருந்து வருகின்றது? பதின்மூன்று வயது மாணவர்க்கு இதனைக் காட்டக் கண்ணாடிப் பாத்திரத்தில் மையூட்டிய உப்புநீரை வார்த்து, அதன்மேற் கரண்டிவழியே மெல்ல நன்னீரை ஊற்றுவேன். கலவாது மேலே நிற்கும். மழைநீர் நம் சுண்ணாம்புக் கற்பாறையின் துளைகளினூடே இறங்கி, உள்ளே புகுந்துள்ள கடல்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. கடல்நீர் நன்னீரிலும் நூற்றுக்கு இரண்டரை வீதம் அடர்த்தி கூடியது. ஆதலின் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி நிற்கும் என்பது கீபன், ஹேர்ட்ஸ்பேர்க் என்பார் கண்ட கணக்கு. "எங்கள் ஊர் தண்ணீருக்கு மேலே இருக்குதோ, ஐயா?" என்று வியந்தாள் ஒரு மாணவி. அடுத்த வினா அவளுடையதே: "அப்படியெண்டால் ஓரடி கூட இறைத்துப் போட்டால்?" நாற்பதடி குறையும், உவர் மேலேறும். நான் ஒன்றும் பயமுறுத்தவில்லை; கணக்கே சொல்லிற்று. அதன்பின் பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்று, குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றிலே குடிநீருக்கான அளவை மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன என்று சொன்னபொழுது, அம்மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைப் போத்தலில் அடைத்துக்கொண்டு வந்தனர்.

என் பேரனின் செய்தியை இடையிலே விட்டேன். அழைத்து வராதவனை அவன் போக்கிலே விட்டேன். மூன்றாம் நாள் இரவு, மின்சூளும் கையுமாய் நான் படலையைத் திறக்கக் கண்டு, "எங்கை போறியள்?" என்றான். "நண்டு பார்க்க" என்றேன். சிறிது தயங்கிப் பின்தொடர்ந்தான். மணல் நிறமேயான கரைநண்டொன்று ஒளிபட்டதும் காம்புக்கண்களை உயர்த்தி அசையாது நின்று, பின் பக்கவாட்டில் ஓடி வளைக்குள் மறைந்தது. அது செவுளை நனைத்துக்கொள்ள ஈரமணல் வரை வளை தோண்டும் என்றேன். அவன் வளைக்குள் கைவிட்டுத் தோள்வரை புதைத்தான். அன்று பதினேழு நண்டு எண்ணினோம். கடல் மூடுமோ என்று அவன் அன்று கேட்கவில்லை. பின்னொரு காலத்திற் கேட்பான், கேட்கவும் வேண்டும்.

மலர்க் குழுவினருக்கும் அதிபரவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் விளையாட்டிடத்தின் பழைய கிணற்றையடுத்த மூலையை இவ்வாண்டு மாரி முழுதும் புல்வெட்டாது விட்டுவிடுக. அதற்குப் பெயர்ப்பலகை வேண்டா. திறப்பு விழாவும் வேண்டா. கீழ்வகுப்பு மாணவர் கிழமைக்கொரு பாடவேளை அங்கே போகட்டும். பனங்கொட்டை நூறு நான் தருகின்றேன். புரட்டாதி பிறக்குமுன் பாத்தி கட்ட மண்வெட்டியோடு இருவர் வந்தாற் போதும்.